மஞ்சள் டேப் ஒட்டிய துப்பாக்கி

என் தங்கை கொரீன் எங்கள் வீட்டு முன்னறையில் பூட்ஸ் கழற்றக் குனிந்தால் நான் இப்போதும் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். பார்க்காமல் இருந்தால் நடக்காது என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கொரீன் எங்கள் எல்ம் லேக் கவுண்டியில் போலீஸ் டெபுடி. ஷெரிஃபுக்குக் கீழே ரோந்து போகிற பதினோரு பேரில் அவள் ஒருத்திதான் பெண். வடக்கு மின்னசோட்டாவில் ரோந்து என்றால் திருடனைத் துரத்துவது குறைவு. பள்ளத்தில் இறங்கிய கார், ஏரியில் பனி உடைந்து சிக்கிய குடிகாரன், ரோட்டில் அடிபட்டுக் கிடக்கும் மான், இதுதான் வேலை. விவாகரத்துக்குப் பிறகு எங்கள் வான்கோழிப் பண்ணைக்கு எதிர்த்த வீட்டுக்கு வந்துவிட்டாள். மதியச் சாப்பாடு என் மேசையில். பாத்திரம் கழுவ மாட்டாள். கேட்டால், "நான் அரசாங்க வேலைல இருக்கேன், ஆர்டிஸ்" என்பாள்.

அவளுக்குக் கை சின்னது. எங்கள் அம்மாவின் கை. கடையில் சிறுவர் பிரிவில்தான் கையுறை வாங்குவாள். அந்தக் கைதான் பல வருடமாக அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

கவுண்டியின் பழைய கைத்துப்பாக்கி ஆம்பளைக் கைக்காகச் செய்தது. பிடி தடிமன். பிடியைச் சரியாகப் பற்றினால் விரல் விசைக்கு எட்டாது. விசைக்கு எட்டினால் பிடி நழுவும். அந்த விசையும் லேசில் வராது, மழைக்காலத்தில் உப்பிப்போன மேசை இழுப்பறையை இழுக்கிற மாதிரி இழுக்க வேண்டும். வருடா வருடம் இலையுதிர்காலத்தில் எல்லா டெபுடிகளும் காகித மனிதனைச் சுட்டுத் தேற வேண்டும். கொரீன் முதல் தடவை தோற்பாள், இரண்டாம் தடவை எப்படியோ தேறுவாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் மூன்றாம் தடவைதான் தேறினாள். அதிலும் தவறியிருந்தால் ரோந்து வண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஜெயிலில் சாவிக்கொத்தோடு உட்கார வைத்திருப்பார்கள். அவளை நான்கு சுவருக்குள் உட்கார வைப்பது அவளைக் கொல்வதற்குச் சமம். கல்யாணத்தையே அதனால்தான் விட்டாள்.

அதனால் துப்பாக்கி மாற்றப் போகிறார்கள் என்றதும் எங்கள் இரண்டு பேருக்கும் நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

ஷெரிஃப் கடைக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே விரலை வைத்து, "அதுல ஒரு டஜன் குடு" என்பார் என்றுதான் ஊரில் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய துப்பாக்கிகளுக்கு வயதாகி உள்ளே சுருள்வில்கள் தளர்ந்திருந்தன. அவற்றை வியாபாரி திரும்ப எடுத்துக்கொண்டு புதியதில் விலை குறைப்பான். அதற்கு முன்னால் கம்பெனிகள் மாதிரித் துப்பாக்கிகளை அனுப்பும், டெபுடிகள் சுட்டுப் பார்ப்பார்கள், பிறகு கவுண்டி போர்டு தலையாட்ட வேண்டும்.

எங்கள் ஷெரிஃப் மெர்ல் ஸ்டெனரூட் ஒரு காரியம் செய்தார். வந்த மூன்று வகைத் துப்பாக்கியிலும் கம்பெனி பெயர் மேல் டேப் ஒட்டினார். ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்கு மஞ்சள். எங்கள் ஊர் ஆம்பளைகள் டிராக்டர் கம்பெனியின் நிறத்துக்காகச் சம்பந்தியோடு பேச்சை நிறுத்தியவர்கள். பெயர் தெரிந்தால் கை சுடாது, பெயர்தான் சுடும் என்பது மெர்லுக்குத் தெரியும்.

சுட்டுப் பார்க்கும் குழுவில் கவுண்டியிலேயே பெரிய கையுடைய டுவேன் லார்ஸ்கார்டையும், சின்னக் கையுடைய கொரீனையும் கட்டாயம் போட்டார். இரண்டு பேருக்கும் பொருந்தினால் நடுவில் இருக்கிற எல்லோருக்கும் பொருந்தும் என்பது கணக்கு. நான் எலுமிச்சை ஜூஸ் கொண்டுபோனேன், அதனால் கண்ணாலேயே பார்த்தேன். மண்ணில் புரட்டினார்கள், தண்ணீரில் முக்கினார்கள், பலகைமேல் எல்லாப் பக்கமும் விழும்படி போட்டார்கள். டுவேன் மஞ்சளைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இது கொரீனுக்குப் பொருந்தினா என் பேத்திக்கும் பொருந்தும். அவளுக்கு மூணு வயசு."

"உன் பேத்தி உன்னைவிட நல்லாவே சுடுவா, டுவேன்" என்றாள் கொரீன்.

பிறகு சுட்டாள். காகித மனிதனின் நெஞ்சில் ஒரே இடத்தில் கிழிசல். யாரும் கேலி பேசவில்லை. மஞ்சளின் பிடியில் பின்பக்கத் துண்டைக் கழற்றிச் சின்னது மாட்டலாம். விசை குட்டை, லேசு. தொட்டால் போதும். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்துப் பல வருடமாகியிருந்தது.

அது ஆகஸ்ட் மாதம். எல்லோரும் டி-ஷர்ட்டில் கொசு அடித்துக்கொண்டு நின்றார்கள். ஆகஸ்டில் எங்களுக்குக் குளிர்காலம் ஞாபகம் இருக்காது. இருந்தால் யாராவது இங்கே குடியிருப்பார்களா?

போர்டு மஞ்சளுக்குத் தலையாட்டியது. அதற்கப்புறம் மாநிலத்திலிருந்து கொஞ்சம் பணம் வர, மெர்ல் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குழலுக்குக் கீழே மாட்டுகிற சின்ன டார்ச் விளக்கு வாங்கினார். விளக்கு துப்பாக்கியைவிடத் தடிமன். விளக்கோடு சேர்த்துச் செருக வேண்டுமென்றால் இடுப்பு உறையின் வாய் அகலமாக இருக்க வேண்டும். துப்பாக்கியைச் செருகிய பிறகும் பக்கத்தில் என் சுண்டுவிரல் போகிற அளவுக்குச் சந்து இருந்தது. யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நானும்தான்.

அக்டோபரில் கொரீன் முதல் தடவையிலேயே தேறினாள். நான் அவளுக்காக ஆப்பிள் பார் கேக் சுட்டேன். என் புருஷன் ஓர்லின் பாதியைத் தின்றான்.

டிசம்பரில் ஒரு மதியம். நான் அடுப்பிலிருந்து ஹாட்டிஷ் பாத்திரத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் சிவந்து, ஓரத்தில் இறைச்சிச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. கொரீன் கதவைக் காலால் தள்ளி உள்ளே வந்தாள்.

"கதவைச் சாத்துடி, ஊரையேவா சூடு பண்றேன்?"

"சாத்திட்டேன், சாத்திட்டேன். பசி உயிர் போகுது. காலைல இருந்து அடிபட்ட மான் பின்னாலதான்."

முன்னறைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பூட்ஸ் கயிற்றைப் பிடித்துக் குனிந்தாள். நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் பூட்ஸில் இருந்தது. இதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

வெடித்தது.

வீட்டுக்குள் துப்பாக்கி வெடித்தால் சத்தம் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது. பாத்திரம் என் கையில்தான் இருந்தது, சூடு தெரியவில்லை. பூட்ஸ் வைக்கிற தட்டில் ஓட்டை. தட்டுக்குக் கீழே தரையில் ஓட்டை. தரைக்குக் கீழே நிலவறை. நிலவறையில் ஓர்லின்.

நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனா என்று தெரியவில்லை. வாய் திறந்திருந்தது என்பது மட்டும் ஞாபகம். கொரீன் எழுந்திருக்கவே இல்லை. குனிந்தபடியே ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கீழேயிருந்து அவன் குரல் வந்தது. "மேல என்னத்தைப் போட்டு உடைச்சீங்க? வாஷிங் மெஷின்லேர்ந்து தண்ணி பீச்சுது."

தோட்டா மெஷினின் மூடியில் நுழைந்து உள்ளே நின்றிருந்தது. அவன் துணியைப் போட்டுவிட்டு ஊறுகாய் ஜாடி எடுக்க அலமாரிப் பக்கம் நகர்ந்திருந்தான். ஊறுகாய்க்காக நான்தான் சத்தம் போட்டிருந்தேன்.

மெர்ல் வந்தார், கூடவே டுவேனும். மெர்ல் என் தங்கையின் துப்பாக்கியைக் காலி செய்து பையில் போட்டுக்கொண்டார். பிறகு பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விரல் எங்க இருந்துச்சு, கொரீன்?"

"பூட்ஸ்ல, மெர்ல்."

"பத்து விரலுமா?"

"பத்தும் பூட்ஸ்லதான் இருந்துச்சு" என்றேன் நான். "நான் இங்கதான் நின்னேன். வேணும்னா என்னைக் கூண்டுல ஏத்திக் கேளுங்க."

"உன்னை ஏத்தினா ஜட்ஜ்தான் இறங்கி ஓடுவாரு, ஆர்டிஸ்" என்றார் மெர்ல். சிரிக்கவில்லை. தொப்பியை மடியில் வைத்து விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "தானா வெடிச்சிருந்தா, இன்னும் பத்துப் பேர் இடுப்புல அதே சாமான் தொங்குது. என் இடுப்புலயும்."

அன்றிலிருந்து அந்தப் பயம் கவுண்டிக்கே பரவியது. டெபுடிகள் காரில் உட்காரும்போது மெதுவாக, மூலநோய்க்காரன் மாதிரி உட்கார்ந்தார்கள். சர்ச்சில் காபிக்கு நின்றால் சீருடைக்காரனின் வலதுபக்கம் ஒரு ஆள் இடம் காலியாகவே இருந்தது. கேலியும் இருந்தது. "கொரீன் வர்றா, காலைத் தூக்குங்க" என்பார்கள். சிரித்துவிட்டு ஒரு அடி நகர்ந்தும்கொள்வார்கள்.

மெர்ல் அவளுக்குப் பழைய துப்பாக்கி ஒன்றைக் கொடுத்திருந்தார். வியாபாரி இன்னும் பழையதை எடுத்துக்கொண்டு போகவில்லை. கம்பெனிக்காரன் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு பதில் சொல்லும்வரை பொறுப்பது, அதற்குள் போர்டு பயந்தால் எல்லோரும் பழையதற்கே திரும்புவது என்று பேச்சு ஓடியது. பழையதற்குத் திரும்பினால் வசந்தத்தில் எல்லோரும் அதில் மறுபடி சுட்டுத் தேற வேண்டும்.

ஒருநாள் கொரீன் என் மேசையில் உட்கார்ந்து சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"சாப்பிடுடி. ஆறிப்போச்சு."

"அந்தத் துப்பாக்கி தப்புன்னு முடிவானா நான் ஜெயிலுக்குப் போறேன், ஆர்டிஸ். சாவி ஆட்டறதுக்கு. துப்பாக்கி சரின்னு முடிவானா தப்பு நான். அப்பவும் ஜெயில்தான். சாவியாவது குடுப்பாங்களோ என்னவோ."

"நீ தொடவே இல்லை. நான் பார்த்தேன்."

"நீ என் அக்கா."

நான் ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அவளுக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்ததை அப்போதுதான் சொன்னாள். "மானைச் சுட்டுட்டுத் துப்பாக்கியை உறையில போட்டு, அதும்மேலேயே உட்கார்ந்து அவ்வளவு தூரம் வண்டி ஓட்டியிருக்கேன். தொடைக்குப் பக்கத்துல." ஸ்பூனைக் கீழே வைத்தாள். "ராத்திரி காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன், இருக்கான்னு."

அந்தச் சனிக்கிழமை டுவேன் தரை ஓட்டையை அடைக்க ஒரு துண்டு லினோலியத் தரை விரிப்போடு வந்தான். ஆள் மலை மாதிரி இருந்தாலும் தச்சு வேலையில் கை சுத்தம். டூட்டி முடிந்து நேராக வந்ததால் சீருடை ஜாக்கெட், இடுப்பில் புதுத் துப்பாக்கி. கீழே நிலவறையில் ஓர்லின் வாஷிங் மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தான்.

"அதைக் கழட்டி வச்சுட்டு வா, என் வீட்டுக்குள்ள வேணாம்" என்றேன்.

"கழட்டினா பேன்ட்டும் சேர்ந்து இறங்கிடும், ஆர்டிஸ். அதையும் பார்த்தா நீ தாங்க மாட்ட."

"உன்னைப் பெத்தவ தாங்கியிருக்கா."

கொரீன் சிரிக்கவில்லை. அன்று அவள் லீவு. முன்னறைக் கொக்கியில் அவளுடைய ஜாக்கெட் தொங்கியது, நான் அன்று காலைதான் துவைத்து மாட்டியிருந்தேன். மெஷின் இல்லாததால் தொட்டியில் கையால் துவைத்தேன். எல்லா டெபுடிகளுக்கும் கவுண்டி கொடுத்த அதே பழுப்பு ஜாக்கெட். அடி விளிம்பில் காற்று புகாமல் இறுக்க ஒரு இழுகயிறு ஓடும். நுனியில் பிளாஸ்டிக் குமிழ்.

அவள் டுவேனின் ஜாக்கெட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்த் தன் ஜாக்கெட்டின் அடிவிளிம்பைக் கையில் எடுத்தாள். அந்த வலதுபக்கக் குமிழைத் திருப்பிப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒருபக்கம் நாய் கடித்த மாதிரி நசுங்கி, கருகியிருந்தது.

அவள் அதைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

என் தங்கையை எனக்கு அவள் பிறந்த நாளிலிருந்து தெரியும். அந்தக் கை ஏன் மூடியது என்று எனக்குத் தெரிந்தது. கையுறையோடு, மானின் முன்னால் நின்று, சந்தில் கயிறு சேர்ந்து போவது விரலுக்குத் தெரியாமல் துப்பாக்கியைச் செருகியவள் அவள். சொன்னால் கவனக்குறைவு அவளுடையது. சொல்லாவிட்டால் அந்தக் குமிழை யாரும் பார்க்கப் போவதில்லை.  

டுவேன் அளவு நாடாவோடு ஓட்டைக்கு முன்னால் முட்டி போட இடுப்பை வளைக்கத் தொடங்கினான்.

"டுவேன், அசையாத."

அவள் குரலில் கேட்டதை வைத்து அவன் அப்படியே நின்றான். பாதி குனிந்து, ஒரு கை சுவரில்.

"என்ன? எலியா?"

"அசையாத. நிமிராத, குனியாத. கையை இடுப்புக்குக் கொண்டுபோகாத."

"கொரீன், என் முதுகு…"

"உன் முதுகைப் பத்தி எனக்குக் கவலை இல்லை."

அவள் அவன் பக்கத்தில் முட்டி போட்டாள். நான் பார்த்தேன். அவனுடைய ஜாக்கெட்டின் இழுகயிறு உறையின் வாய்க்குள் இறங்கியிருந்தது. குமிழ் வெளியே இல்லை, உள்ளே விசையில் மாட்டியிருந்தது. கயிறு நாண் மாதிரி விறைத்து நின்றது. இன்னும் ஒரு விரற்கடை குனிந்திருந்தால்.

கீழே ஓர்லின் ஒரு ஸ்பானரை வீசினான். நானும் கொரீனும் துள்ளினோம், டுவேன் துள்ளாமல் இருக்கப் பார்த்தான். அவன் நெற்றியிலிருந்து வேர்வை என் பூட்ஸ் தட்டில் சொட்டியது.

"ஓர்லினை ஓரமா நிக்கச் சொல்லட்டுமா?" என்றேன். என் குரல் எலி மாதிரிதான் வந்தது.

"பேசாத. அவர் மேல வருவார், படி அதிரும்."

அந்தச் சின்னக் கையின் இரண்டு விரல் நுனி சந்துக்குள் போனது. டுவேனின் கைக்கு அது நடந்திருக்காது, எனக்கும் நடந்திருக்காது. கயிற்றைத் தளர்த்தி, தளர்த்தி, குமிழை மேலே எடுத்தாள். எடுத்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். டுவேன் பெஞ்சில் அமர்ந்து வெகுநேரம் தன் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு துப்பாக்கியைக் காலி செய்தான். கொரீனும் பார்த்தாள், மறுபடி அவனும் பார்த்தான். என்னையும் ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். வெறும் துப்பாக்கியைக் கையுறையோடு, கயிறு சேர்ந்து போகும்படி செருகினான். குனிந்தான்.

டிக் என்றது.

யார் விரலும் விசையில் இல்லை.

டுவேன் அவளைப் பார்த்தான். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் மூடியிருந்த இன்னொரு கையைத் திறந்து காட்டினாள். கயிற்றிலிருந்து அறுந்து வந்த நசுங்கிய குமிழ் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

டுவேன் அதை விரலால் புரட்டிப் பார்த்தான். "அதை அடுப்புல போட்டுடு" என்றான். "என்னுதை மெர்ல்கிட்ட காட்டலாம். இன்னிக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தோம்னு சொல்லலாம். நான் சொல்றேன்."

"மெர்ல் நம்புவாரா?"

"என்னை எல்லாரும் நம்புவாங்க. பொய் சொல்ற அளவுக்கு எனக்கு மூளை இல்லைன்னு ஊருக்கே தெரியும்."

அவள் அடுப்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். போடு என்று மனசுக்குள் சொன்னேன், அதை நான் மறைக்கப் போவதில்லை. அவள் தரை ஓட்டையைப் பார்த்தாள். கீழே ஓர்லின் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"வெடிச்சது என்னுது" என்றாள். "வண்டியை எடு."

மெர்ல் அவள்மேல் எழுத்தில் கண்டனம் போட்டார். அவருக்கு வேறு வழி இல்லை, அவளும் விட்டுவிடச் சொல்லிக் கேட்கவில்லை. ஆனால் ஜனவரியில், மூக்குமுடி உறைகிற குளிரில், மூன்று நிறத் துப்பாக்கியையும் மறுபடி வரவழைத்து, ஜாக்கெட்டோடும் கையுறையோடும் விளக்கோடும் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க வைத்தார். ஆகஸ்டில் சிரித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வாயில் மூடி போட்ட வேறு உறை வாங்கினார்கள். மஞ்சளை வைத்துக்கொண்டார்கள், ஆனால் விசையின் சுருள்வில்லை மாற்றிக் கொஞ்சம் கடினமாக்கினார்கள். அதைச் சொல்லும்போது மெர்ல் கொரீனின் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினோரு ஜாக்கெட்டும் என் சமையலறை மேசைக்கு வந்தது. கயிற்றை உருவி, துளையைத் தைத்து மூடினேன். "காத்து உள்ள போகுமே" என்று டுவேன் முனகினான். தோட்டா போகாதல்லவா என்றேன்.

விசை மாறியதால் வசந்தத்தில் எல்லோரும் மறுபடி சுட்டுத் தேற வேண்டியிருந்தது; கொரீன் முதல் தடவை தோற்றாள். இரண்டாம் தடவை தேறினாள். இன்னும் ரோட்டில்தான் இருக்கிறாள்.

இன்று மதியமும் வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து பெல்டைத் தடவி, உறையின் மூடியை அழுத்தி, ஜாக்கெட் விளிம்பைச் சுற்றிலும் விரலால் ஓட்டிப் பார்த்தாள். பிறகு காலைத் தரையில் தட்டினாள். எப்போதும் அப்படித் தட்டுவாள். நிலவறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஓர்லின் அலமாரிப் பக்கம் போய்விட்டான்.

"குனியறேன்" என்றாள் கொரீன்.

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.